விபத்து வண்டியின் எஞ்சின்

கார்த்திகை 9, செவ்வாய்

என் பிக்கப்பின் எஞ்சின் இனித் தேறாது என்று மெக்கானிக் சொன்னதால், ஸ்ரீவில்லிபுத்தூரில் விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியின் எஞ்சினை வாங்கினேன். ஓட்டியவர் அந்த இடத்திலேயே போய்விட்டாராம். அவர் வீட்டு வாசலில் கழற்றி ஏற்றும்போது அவர் மனைவி வெளியே வந்து சொன்னாள்: "காலையில ஸ்டார்ட் பண்ணதும் கெளம்பிராதீங்கண்ணே. ஓடவிட்டுட்டு, ஒரு காப்பி குடிச்சிட்டுத்தான் அவிய எடுப்பாவ."

இன்று ராஜபாளையத்தில் பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டியாயிற்று. ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. "சூடேறட்டும்னு நிக்க வேண்டாம்ணே, அப்படியே போலாம்" என்றார் மெக்கானிக்.

விடிந்ததும் தேவதானத்தில் தேங்காய் ஏற்ற வேண்டும். காப்பியை வண்டிக்கே கொண்டுவந்து தரும்படி என் மனைவியிடம் சொன்னேன். எஞ்சின் எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியாது.

"இதென்ன புதுப் பழக்கம்?" என்றாள்.

"வண்டியோட பழக்கம்" என்றேன்.