லோரியை விட்டு இறங்காத அண்ணனுக்கு

அன்பான அண்ணே,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து லயத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் உன்னைத்தானே கூப்பிடுவார்கள்? நீ பாடுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து கைத்தாளம் தட்டுவேன். சேர்த்த சொத்தெல்லாம் வாசலோடு நின்றுவிடும், சிவன் முன்னால் எல்லாரும் ஒரு பிடி சாம்பல் என்று நீ இழுத்துப் பாடும்போது கடைக்காரர்கூடத் துண்டால் கண்ணைத் துடைப்பார். அன்றும் அசாம் ஜாவா ஊரில் ஒரு சாவு வீட்டில் அதைப் பாடிவிட்டுத்தான் நாம் லோரியில் திரும்பினோம்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே, வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு வழி மறித்தார்கள். தோட்டத்தைச் சுற்றி அடைக்க ராணுவத்துக்கு முன்பு முள்கம்பி ஏற்றிக் கொடுத்தாயாம், அதுதான் குற்றம். என்னை முடியைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். உன் கைக்கடிகாரத்தை அவிழ்த்தவன் நம் லயத்து அஞ்சலையக்கா மகன் மாரி. நம் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன்.

"எறங்குண்ணே. லோரிதான் எரியணும். ஒன் உசுரு வேணாம்," என்றான்.

நீ ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். பாராங் கத்தியால் உன் தோளில் வெட்டி இழுத்துப் போட்டார்கள். பெட்ரோல் ஊற்றித் தீ வைத்ததும் நான் உன் காலைப் பிடித்தேனே. "வாண்ணே, போயிடலாம் லா," என்று கதறினேனே. என்னை உதறிவிட்டு, ரத்தம் ஒழுகும் கையால் சட்டையைக் கழற்றித் தீயை அடிக்க ஓடினாய். தடுத்த மாரியின் மூக்கை உடைத்தாய். அவன் உன் வயிற்றில் சுட்டான்.

வருஷக்கணக்காகப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தும் அண்ணியின் நகையை விற்றும் வாங்கிய லோரி என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும், அந்தப் பாட்டு மற்றவர்களுக்கு மட்டுந்தானா, அண்ணே?

யார் சுட்டது என்று போலீஸ் கேட்டபோது தெரியாது என்றேன். பேரைச் சொன்னால் அடுத்த குண்டு நம் வீட்டுக்கு வரும்.

இப்போது ஒரு சேதி. போன வாரம் ராணுவம் சதுப்புக் காட்டில் மூன்று பேரைச் சுட்டு, போலீஸ் நிலையத்துக்கு முன்னால் கிடத்தியது. அடையாளம் காட்ட எங்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். நடுவில் கிடந்தவனுக்குப் பாதி முகம் இல்லை. ஈ மொய்த்தது. அவன் கையில் உன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அறுந்த வாரில் நான் தைத்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மிச்ச முகத்தையும் மிதிக்கக் கால் துடித்தது.

தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் அதைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். "யாரோடதும்மா இது? அடையாளம் சொன்னா எடுத்துக்கலாம். இவன் குடும்பம் யாருன்னும் சொல்லணும்."

உன்னுடையதென்று மிஞ்சியது அது ஒன்றுதான். வாயைத் திறந்தால் என் கைக்கு வந்திருக்கும். எனக்கு முன்னால் அஞ்சலையக்கா, பெற்ற பிள்ளையைப் பார்த்தும் அழ முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். தெரிந்தால் அவளையும் அவள் சின்ன மகளையும் பிடித்துக் கம்பிக்குள் தள்ளுவார்கள்.

"தெரியாதுங்க," என்றேன்.

அவர் கடிகாரத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நேற்று அஞ்சலையக்கா வீட்டுக்கு வந்தாள். "யாருக்குன்னு கேக்காத தங்கச்சி. ஒரு பாட்டுப் பாடணும்," என்றாள். அவள் மேல் வீசலாம் என்றுதான் கைத்தாளத்தை எடுத்தேன். வீசவில்லை.

இன்று சாயங்காலம் போகிறேன். மாரியை நான் மன்னிக்கவில்லை. சிவன் மன்னித்தால் அது அவர் பாடு. கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்காத குரலில் உன் பாட்டை முழுசாகப் பாடுவேன். வாசலோடு நின்றுவிடும் என்ற அடி வரும்போது நான் நிறுத்த மாட்டேன், அண்ணே. என் கையில் தாளத்தைத் தவிர இனி எதுவும் இல்லை.

உனக்குத் தாளம் தட்டிய தங்கச்சி,
ராசம்மா