சொன்னதை எழுதாத மெசின்

அக்கா,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதே. நீ இனி யாருக்குக் காட்டப் போகிறாய்! ஆனால் இதை எழுதுகிற கொப்பி வேறு யாருடைய கையிலாவது அகப்பட்டால், கும்பிட்டுக் கேட்கிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிடாதேங்கோ. அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். வாசிப்பதும் எழுதுவதும் நான். நானே சொல்லும் வரைக்கும் பொறுங்கோ.

நீ இருந்தபோது உன்னை 'நீங்கள்' என்றுதான் சொல்வேன். ஏழு வயது மூத்தவள். இன்றைக்கு 'நீ' என்றுதான் வருகிறது. எனக்கு அவ்வளவு கோபம்.

உனக்கு இன்று ஒரு கடிதம் வந்தது. அந்தப் பனி கொட்டுகிற நாட்டுப் பல்கலைக்கழகம். நீ தங்கிப் படித்த விடுதிக்குப் போய், அங்கிருந்து யாரோ வவுனியாவுக்கு அனுப்பி, உருத்திரபுரத்துக்கு வந்து சேர நாலு மாதம். நீ செத்து மூன்று மாதம். கணனி விஞ்ஞானத்தில் முதுமாணிப் படிப்புக்கு இடம் தந்தோமே, ஏன் இன்னும் பதில் இல்லை என்று கேட்கிறார்கள். அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். உள்ளே ஒரு துண்டு இருந்தது. அதில் இரண்டு பெட்டிகள். 'ஏற்றுக்கொள்கிறேன்' ஒன்று, 'ஏற்றுக்கொள்ளவில்லை' ஒன்று. இத்தனை கணனி வைத்திருக்கிறவர்களுக்கு, செத்துப்போனவர்களுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று தோன்றவில்லையா?

உன் கொப்பியையும் எடுத்துப் பார்த்தேன். நடுவில் கோடு போட்டு இரண்டு படிப்பையும் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம் வெளிநாடு: இரண்டு வருடம், அங்கேயே வகுப்பெடுத்தால் கட்டணம் இல்லை. மறுபக்கம் கொழும்பு: பின்னேர வகுப்பு, பகலில் வேலை பார்க்கலாம். 'யாரிடம் படிப்பது?' 'எத்தனை பேருக்கு ஒரு மெசின்?' எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். கடைசியில் 'அம்மா' என்று எழுதி இரண்டு பக்கமும் கேள்விக்குறி. எனக்கென்று ஒரு வரி இல்லை. ஒரு வரி கூடவா வராது?

மறந்துவிட்டாயா? நீ விடுமுறைக்கு வந்து நிற்கும்போது உன்னுடைய மெசின் நான்தானே. கரண்ட் இல்லாத வீட்டில் நாலு வெறும் பால்மாத் தகர ரின்னை வரிசையாக வைப்பாய். உள்ளே புளியங்கொட்டை. நீ எழுதிய கட்டளைகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்து நான் ரின்னுக்கு ரின் கொட்டை மாற்ற வேண்டும். எண்ணிக்கை பிழைத்தால் சண்டை.

"மூண்டாம் ரின்னில ஒண்டு கூட வருது. ஆர் போட்டது?"

"வெறுமையாக் கிடந்தது, பாவமா இருந்துது. நான்தான் போட்டனான்."

"எடியே, மெசின் பாவம் பாக்காது. சொன்னதை மட்டும் செய். நீயாக் கூட்டாதை."

இதைப் பார்த்து மாமா சிரிப்பார். "கரண்டே இல்லாத ஊரில கொம்பியூட்டரோ?" நீயும் விடமாட்டாய். "அதுதான் மாமா, புளியங்கொட்டையில ஓடுற மெசின் வச்சிருக்கிறன். மண்ணெண்ணெய் கூடத் தேவையில்லை."

அந்த மாமா உன் முப்பத்தோராம் நாள் சடங்குச் சோற்றில் கை வைத்துக்கொண்டு, "பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு என்னத்துக்கு? பார்த்தியளே முடிவை" என்றார். படித்ததாலா உனக்கு மலேரியா வந்தது? கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால், பிறகு நீ ஏன் அப்போது வீட்டுக்கு வந்தாய் என்ற கதை வரும். அதுதான் எனக்குப் பயம்.

நீ ஏன் வந்தாய் என்று அம்மா ஒவ்வொரு பின்னேரமும் கேட்கிறா. விளக்கு வைத்துவிட்டு உன் படத்தைப் பார்த்து, "உனக்கு விருப்பமானதை எடு எண்டுதானே எழுதுவிச்சனான். பிறகேன் மோனை வந்தனி?"

எந்தப் படிப்பை எடுப்பது என்று நீ கேட்டு எழுதியபோது அம்மா அப்படித்தான் சொன்னா. குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டு, "எது எண்டாலும் அவளுக்கு விருப்பமானதை எடுக்கட்டும், என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம் எண்டு எழுது" என்று சொன்னா. நான் எழுதியது: 'நேரில் வந்து என்னிடம் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்காதே. அம்மா.' வாசித்துக் காட்டும்போது அம்மா சொன்னதையே சொன்னேன். அவா சந்தோசமாகக் கையெழுத்து வைத்தா.

நீ வெளிநாடு போனால் வரமாட்டாய் என்று நினைத்தேன். ஒருக்கா பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நீ வந்தாய். படலையில் நின்றே "கூப்பிட்டீங்கள், வந்திட்டன்" என்றாய். "நான் எங்கை கூப்பிட்டனான்?" என்றா அம்மா. நீ என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்தேன். உடனே நீ சிரித்து, "சும்மா பகிடி அம்மா. உங்களைப் பாக்க வேணும் போல இருந்துது" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய்? ஏன் எனக்கு ஏசவில்லை? ஒரு அடியாவது போட்டிருக்கலாமே! அன்றிரவு ரின்களை எடுத்து வைத்து, "இந்த மெசின் இன்னும் பழைய பழக்கம் விடேல்லை போல" என்று மட்டும் சொன்னாய். எனக்கு அது போதாது அக்கா. இப்போதும் போதாது.

இந்தச் சண்டைக்குள் எல்லை தாண்டித் திரும்பிப் போக அனுமதிப் பாஸ் எடுக்க அலைந்தாய். நாளைக்கு வா, அடுத்த கிழமை வா என்று மூன்று கிழமை. நாலாவது கிழமை காய்ச்சல். மூளைக்கு ஏறிவிட்டதாம். வீட்டுக்கு வராமல் விடுதியிலேயே இருந்திருந்தால் உன்னை எந்த நுளம்பு கடித்திருக்கும்?

இன்று அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா விளக்கை என் பக்கமாக நகர்த்தி வைத்தா. பிறகு பதில் எழுதச் சொன்னா. "பிள்ளை செத்துப்போச்சு எண்டு எழுது. இடம் தந்ததுக்கு நன்றி எண்டும் எழுது. பிறகு, அவள் ஏன் வீட்டை வந்தவள் எண்டு அவைக்கெண்டாலும் தெரியுமோ எண்டு கேள்."

அந்தக் கடைசி வரியை நான் எழுதுவதா? விட்டுவிட்டு, எழுதினேன் என்று வாசித்துக் காட்டுவதா? எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு தடவை செய்தவள்தானே.

பேனையை எடுத்துவிட்டு அதை எழுத முடியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி. அம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதுவேன். அந்தக் கேள்வியையும் எழுதுவேன். ஆனால் தபாலில் போட முன்னம், அதற்குப் பதில் அந்த நாட்டில் இல்லை, இந்த வீட்டில்தான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுவேன். அடித்தால் அடிக்கட்டும். பேசாமல் விட்டால்தான் பயமாக இருக்கும். அம்மாவும் உங்களைப் போல என்னைக் காப்பாற்றிவிட்டால் நான் என்ன செய்வது? சொல்லுங்கோ அக்கா.

நீங்கள். பாருங்கோ, வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்களை வரச்சொன்ன உங்கள் தங்கச்சி

அம்மா கதவைத் தட்டுகிறா.

"பிள்ளை, எழுதி முடிஞ்சுதே? ஒருக்கா வாசி, கேப்பம்."

வாசிக்க என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அக்கா, நான்