அக்காவின் மச்சம் எந்தப் பக்கம்

அக்கா,

நேற்றுப் பின்னேரம் முன்னறையில் இருந்தவர்கள்: நான், இவர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், சுவர்ப் படத்தில் நீங்கள். ஒருவரையும் விடாமல் எழுதுகிறேன். கணக்குப் பிசகினால் எனக்கு நித்திரை வராது. கோதுமை மாவில் காய்ச்சிய பசை மணத்தோடு, நவராத்திரித் தோரணம் ஒட்டிய உங்கள் விரல்கள் நினைவுக்கு வந்தன.

வீட்டு ஆள் ஒருவரின் முகத்தை, பென்சில் தொடாமல், கடதாசி கிழித்து ஒட்டிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் பள்ளிக்கூடத்தில். மகள், தான் பிறக்குமுன் போய்விட்ட பெரியம்மாவை எடுத்தாள். கடையில் பாண் ரொட்டி சுற்றி வந்த தாளில் முகம், பழைய கலண்டரின் கறுப்பில் கொண்டை. சுவர்ப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டினாள்.

"பெரியம்மாவுக்கு உதட்டுக்கு மேலை ஒரு மச்சம் இருந்தது" என்று நான் சொல்லப்போய் வந்தது வினை. உங்கள் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த ஸ்ரூடியோக்காரர் அதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டாரே. அட்டையையும் மரணப் பதிவின்போது கந்தோரில் கொடுத்தாயிற்று. வேறு படம் இல்லை.

"எந்தப் பக்கம் ஒட்ட, அம்மா?" கறுத்த புள்ளி அவள் விரல்நுனியில் இருந்தது.

நான் இடம் என்றேன். இவர் வலம் என்றார். "எத்தினை நாள் அவவின்ரை கையாலை சாப்பிட்டனான். நேரை பாத்த முகம்."

"அவவின்ரை வலமோ, பாக்கிற உங்கடை வலமோ?"

"உப்பிடிக் கேட்டா எனக்கும் குழம்புதப்பா."

பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் உங்களைப் பார்த்ததெல்லாம் கண்ணாடியில். பின்னால் நின்று எனக்குத் தலை பின்னுவீர்கள். "ஆட்டாதை, வகிடு கோணும்" என்பீர்கள். நான் கண்ணாடி முகத்தோடு கதைப்பேன். நேருக்கு நேர் பார்த்த ஒரு பொழுதையாவது தேடுகிறேன், அகப்படவில்லை.

இன்று காலை சுவாமியறையில் பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்பு என்றால் இடம், வெள்ளை என்றால் வலம்.

"மச்சத்துக்கும் பிள்ளையாரைக் கரைச்சல்படுத்திறியோ?" என்று இவர் சிரித்தார்.

எடுத்த பொட்டலத்தைப் பிரிக்க, சிவப்பு வந்தது. ஆனால் யாருடைய இடம் என்று நான் கேட்கவில்லையே. கேட்டதையே திரும்பவும் கேட்பது சரியோ, தெரியவில்லை.

மகளுக்கு இனி இந்தக் கடதாசி முகம்தான் பெரியம்மா. பக்கம் மாறினால் வேறு யாரையோ அல்லவா அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். புள்ளியைத் தீப்பெட்டிக்குள் போட்டு விளக்கடியில் வைத்திருக்கிறாள்.

அவளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் உங்கள் விரல் என் பிடரியில் படுவது போலிருக்கிறது. அது மட்டும் எனக்குக் குழம்பவில்லை. முகம்தான் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், அக்கா. கனவிலென்றாலும் வாருங்கோ. பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நின்று, எந்தப் பக்கம் என்று கெதியாகச் சொல்லுங்கோ.