காகம் வராத இலையும் ஒரு மட்டக்குதிரையும்

என்ரை அன்பான இஞ்சாருங்கோ,

இத்தனை வருசமும் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். போனபிறகு மட்டும் பெயர் சொல்ல வாய் வருமா?

ஒரு புதினம் சொல்லவேண்டும். நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அதுவும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டியோடு, சைக்கிளில். சிரிக்காதீர்கள்.

எல்லாம் உங்கள் முதலாம் ஆண்டுத் திவசத்தால் வந்தது. லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டுப் பின்வளவில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு காகமும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை வேலியில் குந்தியிருந்தால் எந்தக் காகம் வரும்? அது எனக்கும் தெரியும். ஆனாலும் வந்திருந்த சனம் ஆளையாள் பார்த்தது. "அவருக்கு ஏதோ மனக்குறை இருக்குப் போல" என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சொல் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. என்ன குறை? ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் என்னிடம் சொல்லாமல் எதை மனதுக்குள் விழுங்கினீர்கள்?

உங்கள் சைக்கிள் கூட்டாளி சிவம் அண்ணையைக் கேட்டேன். "நியூ ஃபாரஸ்டிலை குதிரையளைப் பாக்கிற நேரமெல்லாம், மனுசியையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு சொல்லுவான், தங்கச்சி" என்றார்.

அதை என்னிடம் கேட்டிருக்கலாமே! எனக்கு ஞாயிறு ஷிப்ட் என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தீர்களா?

சரி, அங்கேயே போய்ப் படைப்போம் என்று வெளிக்கிட்டேன். வாட்டர்லூவில் ரயில் ஏறி, இறங்கிய இடத்தில் வாடகைச் சைக்கிள் எடுத்தோம். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, உளுந்து வடை, வாழையிலை எல்லாம் முன்கூடையில். நான் விழுந்தால் தூக்குவதற்கு மகள் துளசி பின்னால் வந்தாள். விழவில்லை. ஊரில் டியூசனுக்குச் சைக்கிள் மிதித்த கால்கள் எதையும் மறக்கவில்லை.

குதிரைகளைப் பற்றி நீங்கள் ஒழுங்காகச் சொல்லவேயில்லை. வேலிக்குள் நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நடுரோட்டில் ஒரு தாய்க்குதிரை குட்டிக்குப் பால் கொடுக்கிறது, கார்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன!

"இதெல்லாம் ஆரின்ரை குதிரையள், அண்ணை?"

"எல்லாத்துக்கும் சொந்தக்காரர் இருக்கினம். வாலைப் பாருங்கோ. மயிர் வெட்டியிருக்கிற விதத்திலை எந்தப் பக்கத்துக் குதிரை எண்டு சொல்லலாம்."

அதற்குப் பிறகு நான் காட்டைப் பார்க்கவில்லை, வால்களைத்தான் பார்த்தேன். மழைக்கு எங்கே ஒதுங்கும்? சொந்தக்காரனைக் கண்டால் அடையாளம் தெரியுமா? கேட்டுக் கேட்டு சிவம் அண்ணையைக் களைக்க வைத்துவிட்டேன்.

நீங்கள் வழக்கமாக இளைப்பாறும் மரத்தடியைக் காட்டினார். இலையை விரித்து, படைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். அந்த வழியால் போன வெள்ளைக்காரச் சோடி நின்று பார்த்தது. காகம் வரவில்லை. மண்ணிற மட்டக்குதிரை ஒன்று இலையை நோக்கி நேரே வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன். "வந்திட்டார்!" என்று கத்தியேவிட்டேன்.

"அம்மா, குடுக்காதேங்கோ!" என்று ஓடிவந்தாள் துளசி. "குதிரையளுக்குச் சாப்பாடு குடுக்க இஞ்சை தடை. எங்கடை சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் செத்தும் போகும்."

இலையை அப்படியே நெஞ்சோடு அள்ளினேன். குழம்பு ஜாக்கெட்டில். குதிரை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லைத் தின்னப் போய்விட்டது.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார் சிவம் அண்ணை. காகம் தொடாததை நாங்கள் எப்படித் தொடுவது? போட்டுவிட்டும் போக ஏலாது, குதிரை திரும்பி வரும். கோஷ்டி முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காலையிலிருந்து நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, உங்களுக்குப் படைத்ததை நானே சாப்பிட்டேன். பாதியில் அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். வடை நன்றாக வந்திருந்தது, உங்களுக்குப் பிடித்திருக்கும்.

என்னைக் கூட்டிவராததுதான் உங்கள் குறை என்றால், அது தீர்ந்தது. உங்கள் பக்கத்தில் நின்று அந்த வால்களைப் பார்க்கவில்லையே என்ற என் குறையை எந்தக் காகம் வந்து தீர்க்கும்?

ஞாயிறு ஷிப்டை விடப்போகிறேன். பனிக்காலத்தில் அந்தக் குதிரைகள் எதைத் தின்னும் என்று சிவம் அண்ணைக்கும் தெரியவில்லை. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

என்றைக்கும் உங்கள் மனுசி,
வசந்தி