நாலாவது யோசேப்பு

ஒக்டோபர் 12, ஞாயிறு. ஓகூஸ், டென்மார்க்.

என்னோடு வேலை செய்யும் கொரியன் ஜூன்ஹோவின் வீட்டில் இன்று செபம். குருவானவர் கிடையாது, இங்குள்ள ஐந்து கொரியக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாறி மாறித் தாங்களே நடத்துகின்றன. அங்கே எல்லோருக்கும் ஞானஸ்நானப் பெயர்தான். அலுவலகத்தில் ஜூன்ஹோ, செபத்தில் பவுல்.

"உங்கட ஞானஸ்நானப் பேர்?" என்று அவன் மனைவி டேனிஷில் கேட்டாள்.

"அது பேப்பரில மட்டும்தான்," என்று வெட்டிவிட்டேன்.

பொய். நான் வளர்ந்த சில்க்போர்க்கில் அம்மா ஒவ்வொரு மாலையும் கத்துவார்: "சூசை, கொம்பியூட்டரை நிப்பாட்டிப்போட்டு செபமாலைக்கு வாடா!" அவர் இறந்து மூன்று வருடங்கள். அப்படி என்னைக் கூப்பிட வேறு ஆளில்லை.

புறப்பட்டுச் சப்பாத்து நாடாவைக் கட்டும்போது மனம் கேட்கவில்லை. "சூசை. யோசேப்பைத் தமிழில அப்பிடிச் சொல்லுறது," என்றேன்.

"எங்களிட்ட ஏற்கனவே மூண்டு யோசேப்பு!" என்று ஜூன்ஹோ சிரித்தான்.

அவள் மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்: "சூசே... சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சப்பாத்தைக் கழற்றினேன்.