போர்வை போர்த்தி எடுத்த போட்டோ

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை மறந்தாச்சு. டீக்கடை பேப்பரில் ஒரு கார்ட்டூன். பாலத்து மேலே தலைவர் ரிப்பன் வெட்டுகிறார். கீழே ஒரு தாடிக்காரன், கிழிந்த போர்வை, எண்ணிவிடலாம் போல விலா எலும்பு, பக்கத்தில் நாய். இது நம்ம தாம்பரம் பாலம்தான் என்று சொல்லிவிட்டேன். வரைந்தவர் என் சிநேகிதர், ஐடியாவே என்னுடையது என்றும் சொன்னேன். ஆளைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கட்டாயம் ஐடியா கொடுத்திருப்பேன். எட்டாம் கிளாஸ் வரை மேப் வரைவதில் நான்தான் ஃபர்ஸ்ட். (எட்டோடு சரி.)

டீ மாஸ்டர்: "அண்ணே, போன வாரம் அந்தப் பாலத்தையே நான்தான் கட்டுனேன்னீங்க?"

டீக்குக் காசை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வாங்க வேண்டியது: சுகர் மாத்திரை, கொசுவத்தி.

நவ. 5, புதன்

கார்ட்டூனைக் கிழித்துக்கொண்டு பாலத்தடிக்கு. தேவராஜும் சம்சாரம் லில்லியும் அங்கேதான், ஏழெட்டு மாதமாக. சேலையூர் வாடகை வீட்டை இடித்துக் கட்டப் போவதாகக் காலி பண்ணச் சொன்னதிலிருந்து. அவன் நாவலூரில் ஓர் அப்பார்ட்மெண்ட் செக்யூரிட்டி. தினம் ஷேவ், அயர்ன் பண்ணின யூனிஃபார்ம். வேலையில் கொடுத்திருப்பது என் வீட்டு அட்ரஸ். "எழுதிக்கோடா, அண்ணன் வீடு உன் வீடு" என்று நான்தான் சொன்னேன்.

படத்தைப் பார்த்தான். "நான் டெய்லி ஷேவ் பண்றேனேண்ணா. எதுக்கு தாடி?"

லில்லி: "தாடிய வுடு. நான் எங்க? நாய்க்குக்கூட எடம் கீது."

தெருவில் படுப்பவன் என்றால் கார்ட்டூனில் அப்படித்தான், இல்லாவிட்டால் ஜனத்துக்குப் புரியாது என்று விளக்கினேன். கார்ட்டூன் பற்றி எனக்குத் தெரியாததா.

மைதா பசை காய்ச்சிக் கொண்டுபோயிருந்தேன். தூணில் ஒட்டி, பக்கத்தில் அவனை நிறுத்தினேன். யூனிஃபார்மில் ஆபீசர் மாதிரி இருந்தான். எவன் நம்புவான்? போர்வையைப் போர்த்தி, தலையைக் கலைக்கச் சொன்னேன்.

"வேணாண்ணா."

"ரெண்டு நிமிஷம்டா."

செய்தான். ஸ்டேட்டஸிலும் நாலு குரூப்பிலும் போட்டேன்: "கார்ட்டூனின் நிஜ ஹீரோ, என் நண்பர் தேவராஜ்."

நவ. 7, வெள்ளி

நல்ல மழை. ஸ்டேட்டஸை ஆயிரம் பேர் பார்த்தார்கள். (நூற்றுச் சொச்சம்.)

மத்தியானம் டீக்கடையில் தேவராஜ். டியூட்டி நேரத்தில். போட்டோ சுற்றிச் சுற்றி நாவலூர் அப்பார்ட்மெண்ட் குரூப்புக்கே போயிருக்கிறது.

"வூடு இல்லாதவன கேட்டாண்ட நிறுத்த முடியாதுன்ட்டாங்கண்ணா. அட்ரஸும் பொய்யின்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அந்த மேனேஜர் என் கிளாஸ்மேட்டுடா. நான் பேசறேன்." வாயில் அதுதான் வந்தது.

போட்டோவை அழிக்கப் போனேன். ஸ்டேட்டஸ் தானாகவே போயிருந்தது. மற்றவர் போனில் இருப்பதை என்ன செய்வது.

நவ. 8, சனி

பஸ்ஸில் நாவலூர். மேனேஜருக்கு என் மகள் வயசுதான் இருக்கும். தேவராஜ் என் கூடப்பிறந்த தம்பி, என்னோடுதான் இருக்கிறான், போட்டோவில் இருப்பது சர்ச் நாடகத்துக்குப் போட்ட வேஷம் என்று பிரமாதமாகப் பேசினேன். நம்பிவிட்டார்.

"அப்ப சிம்பிள் சார். உங்க வீட்ல இருக்கார்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மண்டே எங்காளு வந்து பார்ப்பாரு. அவ்ளோதான்."

பேப்பரும் பேனாவும் அவரே நீட்டினார். என் வீடு ஒரு ஹால், ஒரு ரூம். ரூமில் மகள், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எழுதினால் இரண்டு பேரையும் கூட்டிவந்து வைக்கவேண்டும். இதைச் சொல்ல வீட்டில் நான் வாயே திறக்க முடியாது.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிக் கிளம்பினேன். கண்ணாடி சட்டைப் பையில்.

நவ. 9, ஞாயிறு

வெயில். பாலத்தடியில் லில்லி எனக்காக டீயும் பன்னும் வாங்கி வைத்திருந்தாள்.

"இன்னா ஆச்சுண்ணா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். நான் டீயைக் குடித்தேன். நல்ல டீ.

தேவராஜ் கேட்டான்: "அப்ப நாளைக்கே டூட்டிக்குப் போய்டட்டாண்ணா?"

போ என்றேன்.