மூன்று கொப்புகளும் ஆறு நாள் விரதமும்

18 ஒக்., சனி

தூறல். நல்ல குளிர். இவருக்கு நித்திரை 2 மணி 20 நிமிடம். நேற்று 3. ஆஸ்பத்திரி மாத்திரை வேளைக்கு வேளை கொடுத்தும் கால் நரம்பு வலி விடவில்லை. வேலைத்தலத்தில் ஏணியால் விழுந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம்.

தோட்டத்துக் கொட்டிலுக்குப் பின்னால் மூன்று செடி. கஞ்சா என்று முழுதாக எழுதுவது இன்று மட்டும். இனி 'க.' இவருடைய தங்கை வசந்தி ஓகஸ்ட் கடைசியில் தயிர்ப் பேணிகளில் கொண்டுவந்தவை, வேர்விட்ட கொப்புகள். பிந்தி நட்டதால் முழங்கால் உயரம்தான். ஆனாலும் பூத்துவிட்டன.

போன மாதம் வசந்தி எங்கேயோ வாங்கித் தந்த கொஞ்சத்தில் ஒருநாள் ஐந்தரை மணித்தியாலம் தூங்கினார். அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். குற்றம் என்பது தெரியும். பாவமா என்பதுதான் தெரியவில்லை.

20 திங்கள்

சாமியறை கழுவியாயிற்று. விளக்கு மினுக்கியாயிற்று. வாங்க: பால், தோடம்பழம், கற்பூரம்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சுதா. சென்னைப் பிள்ளை.

"என்னக்கா, உங்க தோட்டத்துல ஒரு மாதிரி வாசனை?"

"சாம்பிராணி."

"தோட்டத்துலயா போடுவீங்க?"

"ஓம், நுளம்புக்கு."

இந்தக் குளிரில் எந்த நுளம்பு வந்து கடிக்கப்போகிறது. விரதத்துக்கு முன்னமே இரண்டு பொய்.

22 புதன்

கந்தசஷ்டி முதல் நாள். ஒருநேரம் பாலும் பழமும். ஆறு நாளும் க.வைக் கையால் தொடுவதில்லை என்று முருகனுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் பார்க்காமல் விடவும் முடியாது. காலையும் மாலையும் வாசலுக்குத் தெளிப்பதுபோல மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தீட்டும் போகும், பூச்சியும் போகும்.

நித்திரை 2.10.

24 வெள்ளி

மழை. நித்திரை 1.45. தெளிப்பு இரண்டு வேளையும், தவறாமல்.

இவர் யன்னலால் பார்த்துவிட்டு: "மழையும் பெய்யுது, நீரும் தெளிக்கிறீர்."

"இது மஞ்சள் தண்ணி."

"ஓ, அப்ப சரி."

சிரித்தார். சிரித்ததில் கால் இழுத்துக்கொண்டது. முதுகுக்கு இரண்டு தலையணை. எனக்கும் தலைச்சுற்று.

26 ஞாயிறு

குளிர்காலத்துக்காக இந்த நாட்டில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும் நாள். மாத்திரைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுங்கோ என்று இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பழைய நேரத்துக்கே கொடுத்தேன்.

மத்தியானம் வசந்தி. கொட்டிலுக்குப் பின்னால் போனவள் அங்கேயிருந்தே கூப்பிட்டாள்.

"மச்சாள், இதுக்கு என்ன ஊத்தினனீங்கள்?"

"ஊத்தேல்லை. மஞ்சள் தண்ணி தெளிச்சனான். விரதம் துடங்கினதில இருந்து."

"பூவுக்கு ஈரமே ஆகாது. நீங்கள் அபிஷேகமெல்லோ செய்திருக்கிறியள்."

பூவைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே சாம்பல் பூஞ்சணம். இரண்டு செடி முழுக்க. மூன்றாவதில் சுவரோடு ஒட்டியிருந்த ஒரு கொப்பு மட்டும் சுத்தம்.

"நாளைக்கு வெயிலாம். மேல் ஈரம் காய்ஞ்ச உடனே இதை வெட்டி எடுங்கோ. பின்னேரம் வரை விட்டால் அதுவும் போயிடும். எனக்கு ஷிப்ட்."

"நாளைக்கும் விரதம். நான் தொட ஏலாது."

"அப்ப முருகனை வந்து வெட்டச் சொல்லுங்கோ."

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள். பிழை என்னுடையது. இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

27 திங்கள்

சூரன்போர். நித்திரை 50 நிமிடம். காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார், சத்தம் போடாமல்.

வெயில் வந்தது. பதினொன்றரைக்குக் கத்தரிக்கோல் எடுத்தேன். குளித்துவிட்டுத்தான் போனேன். ஒரு கொப்பு, என் முழங்கை நீளம். மற்றதெல்லாம் பிடுங்கிக் கறுத்தப் பையில்.

கை மூன்று தரம் கழுவியும் மணம் போகவில்லை. அந்தக் கையோடு கோயில் வாசல் மிதிக்க மனம் வரவில்லை. அயர்ன் பண்ணி வைத்த சேலையைத் திரும்ப மடித்து வைத்தேன். இத்தனை வருடத்தில் சூரன்போருக்குப் போகாதது இதுதான் முதல் முறை.

28 செவ்வாய்

பாரணைச் சாப்பாடு. சோறு, பருப்பு, ஒரு கறி. விரதம் முறிந்ததா என்று ஐயரிடம் கேட்கப்போவதில்லை. முறிந்ததுதான்.

கொப்பு மாடிப்படிக்குக் கீழே அலுமாரியில் தொங்குகிறது. இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சள் தண்ணீர் உட்பட. ஏசவில்லை.

"எப்ப காயும்?"

"பத்து நாள் ஆகுமாம்."

"பத்து நாள்தானே. பொறுக்கலாம்."

சொல்லும்போதே கால் உதறத் தொடங்கிவிட்டது. நான் பார்க்காமலிருக்கப் போர்வையை இழுத்து மூடினார்.